வன்முறைப் பெட்டியில் அம்மா

அனுப்புநர்: தங்கள் அக்கா மகள், ஒன்பதாம் வகுப்பு, தற்சமயம் போர்வைக்கு அடியில்.

பெறுநர்: சித்தி அவர்கள், இணையதளங்களை வகை பிரிக்கும் பணியாளர், இரவுப் பணி, இதே வீடு, பக்கத்து அறை.

பொருள்: அம்மாவை வன்முறைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வீட்டுப் பராமரிப்புப் பெட்டியில் வைக்க வேண்டுதல் – தொடர்பாக. மிக மிக அவசரம்.

பெருமதிப்பிற்குரிய சித்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமா என்று முதலில் கேட்க வேண்டும், அதன் பிறகு நான் நலம் என்று எழுத வேண்டும், அதுதான் கடிதம் எழுதும் முறை என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முதலாவதைக் கேட்டுவிட்டேன். இரண்டாவதை என்னால் எழுத முடியவில்லை. தாங்களாவது நலமாக இருக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குள் தங்களால் ஆக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

தாங்கள் ஐந்து மணிக்கு வேலை முடிந்து வந்ததும் முதலில் தண்ணீர் குடிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்தக் கடிதத்தைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்த நீலத் தண்ணீர்ப் பாட்டிலுக்கு அடியில் வைக்கிறேன். தயவுசெய்து பாட்டிலை எடுத்த கையோடு படிக்கவும். தூங்கி எழுந்து படிக்கலாம் என்று ஓரமாக வைக்க வேண்டாம். தாங்கள் தூங்கி எழுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கையெழுத்து கோணலாக இருப்பதற்கும் மன்னிக்கவும். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் பேனா, நோட்டை முட்டியால் பிடித்திருக்கிறேன். அப்பாவின் குறட்டை நிற்கும்போதெல்லாம் நானும் எழுதுவதை நிறுத்துகிறேன். குறட்டை திரும்பக் கிளம்பியதும் நானும் கிளம்புகிறேன். வாக்கியம் நடுவில் நின்றுபோயிருந்தால் அது என் தவறில்லை, அப்பா புரண்டு படுத்திருப்பார்.

சித்தி, இனிமேல் 'தாங்கள்' போட்டு எழுத எனக்கு நேரமில்லை. நீ என்றே எழுதுகிறேன். மரியாதை எல்லாம் மேலே இருக்கிறது, அங்கேயிருந்து எடுத்துக்கொள்.

அம்மா பெரிய கம்பெனியை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பூச்சி ஒழிக்கும் தொழில் ஆரம்பித்தது உனக்குத் தெரியும். ஆனால் நீ பகலெல்லாம் தூங்குவதால் அந்தத் தொழிலுக்கு என்னென்ன கட்டுப்பாடு இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. முதல் கட்டுப்பாடு, அவற்றின் பெயரைச் சொல்லவே கூடாது. கரப்பான் பூச்சி என்று இங்கே எழுதுவதற்கே என் கை கூசுகிறது. அம்மா எப்போதும் 'அவங்க' என்றுதான் சொல்வாள். "வீட்டுக்குள்ள அவங்க இருக்காங்கன்னு சொன்னாலே வீட்டுக்காரங்க பாதி செத்துடுவாங்க. இதுல பேரை வேற சொல்லி மானத்தை வாங்கணுமா? வைத்தியம் பார்க்கிறவங்க நோயாளி பேரை வெளிய சொல்வாங்களா? அந்த மாதிரிதான்" என்பாள். இரண்டாவது கட்டுப்பாடு, வண்டியில் எந்தப் பெயரும் எழுதக் கூடாது. வண்டி வெள்ளை. அப்பா ஓட்டுவார், வீட்டு வாசலில் நிறுத்தாமல் இரண்டு வீடு தள்ளி நிறுத்துவார். மூன்றாவது, மருந்தடிக்கும் கருவியைக் கிட்டார் பெட்டிக்குள் வைத்துத்தான் எடுத்துப் போக வேண்டும். யாராவது கேட்டால் பாட்டு டீச்சர். இதனால் நாலு தெருவில் அம்மாவைப் பார்த்து "எங்க பொண்ணுக்கும் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்கிறார்கள். அம்மா பாடினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

இப்படி ஊருக்கே தெரியாமல் தொழில் செய்தால் ஊர் எப்படி வேலைக்குக் கூப்பிடும்? தெரிந்தவர்கள் இரண்டு வீட்டைத் தவிர ஒருவரும் கூப்பிடவில்லை. அப்போதுதான் நான் ஒரு யோசனை சொன்னேன். இணையதளம் வைத்தால் யாரும் யாருக்கும் தெரியாமல் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் அல்லவா? அம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. அம்மா சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நீ பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று சொல்லிக் கடைசி வரை பார்க்கவில்லை. ஊரில் இருக்கிற தளத்தை எல்லாம் பார்க்கிறவள் சொந்த வீட்டுத் தளத்தைப் பார்க்கவில்லை. அதனால் இங்கேயே எழுதுகிறேன்:

'உங்கள் வீட்டில் அவர்கள் இருக்கிறார்களா? கவலை வேண்டாம். ஒரே மணி நேரத்தில் குடும்பத்தோடு முடித்துத் தருகிறோம். சத்தம் வராது. தடயம் இருக்காது. பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. எங்கள் வண்டியில் பெயர் கிடையாது. இதுவரை எங்கள் கையிலிருந்து ஒருவரும் தப்பியதில்லை. தப்பினால் மறுமுறை வந்து இலவசமாகத் தீர்த்துத் தருவோம்.'

எழுதி முடித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அம்மா இரண்டு தரம் படித்துவிட்டு, "நறுக்குன்னு இருக்குடி" என்றாள். அப்பா மட்டும் "எதை முடிச்சுத் தரோம்னு சொல்ல வேணாமா?" என்று கேட்டார். அம்மா, "தேவைப்படறவங்களுக்குப் புரியும்" என்றாள். அப்பா வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். தளத்தின் அடியில் எத்தனை முறை அது திறக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும் எண் ஒன்றை வைத்தேன். அழகுக்குத்தான் வைத்தேன். அதுதான் வினையாகிவிட்டது. அம்மா தினமும் சாயங்காலம் போனை எடுத்து வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டித் தட்டி அந்த எண்ணைப் பார்ப்பாள். முதல் நாள் ஒன்று. யாரோ வழி தவறி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் இரண்டு. மூன்றாம் நாள் அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ரெண்டு மாசம் பார்ப்போம். ஒருத்தரும் எட்டிப் பார்க்கலைன்னா பழைய கம்பெனிக்கே போயிடறேன். மேனேஜர் சேர்த்துக்கறேன்னு சொல்லியிருக்காரு, ஆனா புதுசா வந்த பையனுக்குக் கீழ வேலை பார்க்கணுமாம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு இரவு கிட்டார் பெட்டியை எடுத்து அலமாரிக்கு மேலே, கைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை சித்தி.

மறுநாள் இடைவேளையில் பள்ளி நூலகத்துக்குப் போய் அங்கிருக்கும் கணினியில் நம் தளத்தைத் திறந்தேன். மூடினேன். திறந்தேன். மூடினேன். எண் ஏறியது. அன்று சாயங்காலம் அம்மா அடுப்படியிலிருந்து, "ஏங்க, இன்னைக்கு ஏழு பேர் வந்திருக்காங்க!" என்று கத்தினாள். அப்பா எங்கே எங்கே என்று வாசலுக்கு ஓடினார். கிட்டார் பெட்டி அலமாரியிலிருந்து இறங்கி வந்தது. அதற்குப் பிறகு நான் எப்படி நிறுத்த முடியும், நீயே சொல்! இடைவேளையில் ஒன்று, மதியம் சாப்பிட்டுவிட்டு ஒன்று என்று சீராகத் திறந்துகொண்டே இருந்தேன். நூலக சார் என்னைப் பார்த்து, "இந்தப் பொண்ணு ஒருத்திதான் நூலகத்தைப் பயன்படுத்துது" என்று மற்ற பிள்ளைகளிடம் சொன்னார். ஆறு வாரத்தில் எண் நூறைத் தாண்டியது. இன்று சாயங்காலம் நூற்று முப்பத்து நான்கு. அத்தனையும் நான் இல்லை, அதுதான் எனக்கு இருக்கும் ஒரே ஆறுதல். என் பங்கு அறுபத்தொன்று. மீதி எழுபத்து மூன்று பேர் உண்மையானவர்கள். அவர்கள் ஏன் போன் செய்யவில்லை என்று தெரியவில்லை. கூச்சமாக இருக்கலாம்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் வழக்கம்போலத் தட்டினேன். தளம் வரவில்லை. திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் ஒரு கை, நில் என்று காட்டியது. 'இந்தத் தளம் தடுக்கப்பட்டுள்ளது. வகை: வன்முறை' என்று இருந்தது. தவறாகத் தட்டிவிட்டேனோ என்று திரும்பத் தட்டினேன். மொத்தம் ஒன்பது தடவை தட்டினேன். ஒன்பது தடவையும் வன்முறை. அப்போதுதான் அந்தச் சிவப்புப் பக்கத்தின் அடியில் இருந்த சின்ன முத்திரையைப் பார்த்தேன். உன் தண்ணீர்ப் பாட்டிலில் இருக்கிற அதே முத்திரை!

சித்தி, நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே உன் வேலையைப் பற்றிச் சொன்னாயே, அது எல்லாம் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. உங்கள் கம்பெனியில் தொண்ணூறு பெட்டிகள் இருக்கின்றன, கல்வி, மருத்துவம், விளையாட்டு, சூதாட்டம் என்று. உலகத்தில் இருக்கிற ஒவ்வொரு தளமும் ஏதாவது ஒரு பெட்டிக்குள் விழ வேண்டும். பள்ளிக்கூடமோ அலுவலகமோ எந்தப் பெட்டியைத் திறந்து வைப்பது, எதைப் பூட்டுவது என்று மட்டும் முடிவு செய்துகொள்ளும். புதுத் தளங்கள் முதலில் எந்தப் பெட்டியிலும் இருக்காது. யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் பெட்டியில்லாத ஒரு தளத்தை ஒரே இடத்திலிருந்து அடிக்கடி திறந்தால் அது வரிசையில் முன்னால் வந்துவிடும். முதலில் இயந்திரம் படிக்கும், எந்தெந்தச் சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன என்று பார்த்து ஒரு பெட்டியைச் சொல்லும். அதற்குச் சந்தேகம் வந்தால் உன்னைப் போல ஒருவரிடம் அனுப்பும். "ஒரு தளத்துக்கு ஆறு நொடிதான். இது படிக்கிற வேலை இல்ல, மோப்பம் பிடிக்கிற வேலை" என்று நீ சொன்னாய். சதுரங்கம் சொல்லித் தரும் ஒரு தளம், ராணியை வெட்டு, ராஜாவை மூலைக்குத் தள்ளு, சிப்பாயைப் பலி கொடு என்று எழுதியிருந்ததால் மூன்று மாதம் பயங்கரவாதப் பெட்டியில் கிடந்தது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். எனக்கு வந்தபோது சிரிப்பு வரவில்லை.

அதாவது சித்தி, அம்மாவை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் ஓர் ஓரமாகக் கிடந்த அம்மாவை நானே அறுபத்தொரு முறை தட்டித் தட்டி இயந்திரத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன்.

இதோடு விட்டிருக்கலாம். அந்தச் சிவப்புப் பக்கத்தில், 'வகை தவறென்று கருதினால் இங்கே தெரிவிக்கவும்' என்று ஒரு கட்டம் இருந்தது. தெரிவித்தேன். அவசரத்தில் எழுதியது: 'ஐயா, இந்தத் தளம் என் அம்மாவுடையது. என் அம்மா மிகவும் நல்லவர். யாரையும் துன்புறுத்த மாட்டார். மருந்து உள்ளே போனதும் அவர்களுக்கு வலியே தெரியாது. அப்பா வெளியே வண்டியில் காத்திருப்பார். இதுவரை ஒரு வீட்டுக்காரர்கூடப் புகார் சொன்னதில்லை.' பயத்தில்கூட நான் பெயரைச் சொல்லவில்லை, தொழில் கட்டுப்பாடு. மறுநாள் மறுபடி தட்டிப் பார்த்தபோது பதில் வந்திருந்தது. 'மறுபரிசீலனை முடிந்தது. முந்தைய வகை உறுதி செய்யப்படுகிறது. கூடுதல் வகை: குற்றச் செயல்கள்.' இப்போது அம்மா இரண்டு பெட்டியில் இருக்கிறாள். அந்தப் பதில் அனுப்பப்பட்ட நேரம் அதிகாலை நான்கு மணி பன்னிரண்டு நிமிடம் என்று போட்டிருந்தது. அந்த நேரத்தில் வேலையில் இருந்தது யார் என்று நான் கேட்கவில்லை. ஆறு நொடியில் என்ன தெரியும், பாவம். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை சித்தி. யாராக இருந்தாலும் அவள் எனக்குச் சித்தி மாதிரிதான்.

சரி, தளத்தையே மாற்றி எழுதிவிடலாம் என்று வீட்டுக்கு வந்து, அம்மாவுக்குத் தெரியாமல் அவற்றின் பெயரைப் பட்டென்று ஒரு வரியில் போட்டேன். பத்து நிமிடத்தில் அம்மா போனோடு வந்து நின்றாள். "இது என்னடி அசிங்கம்? எடு முதல்ல. சாப்பிடற நேரத்துல ஒருத்தர் திறந்து பார்த்தா என்ன ஆகும்?" எடுத்துவிட்டேன். "அதுக்குப் பதிலா ஏதாவது அன்பா எழுது" என்றாள். அன்பாக எழுதினேன்: 'குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீடுகளில் தனி அக்கறையோடு செயல்படுவோம்.' இப்போது அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்துப் பார். எனக்கே அம்மாவைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

இன்றைக்கு நடந்ததை எழுத வேண்டும். கொஞ்சம் பொறு, குறட்டை நின்றுவிட்டது.

வந்துவிட்டது.

இன்று கடைசி வகுப்பில் கணினி மிஸ் வாசலில் வந்து நின்று என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார். அவர் கையில் ஒரு தாள். வாரா வாரம் எந்தப் பிள்ளை எந்த வகைத் தளத்தைப் பார்த்தது என்று உங்கள் இயந்திரம் ஒரு பட்டியல் அனுப்புமாம், அது எனக்குத் தெரியாது. மற்ற பிள்ளைகளின் பெயருக்கு எதிரில் விளையாட்டு நான்கு முறை, பாட்டு இரண்டு முறை என்று இருந்தது. என் பெயருக்கு எதிரில் 'வன்முறை, குற்றச் செயல்கள் – 61 முறை. தடுத்த பிறகும் முயன்றது – 10 முறை' என்று இருந்தது. பெட்டி மாறியதும் பழைய கணக்கையும் சேர்த்துப் புதுப் பெட்டியில் கொட்டிவிட்டார்கள். நடந்து போகும்போது மிஸ் என்னை விட்டு இரண்டடி தள்ளியே நடந்தார். "உன்னைப் பார்த்தா அப்படித் தெரியலையேம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

தலைமையாசிரியர் நம் தளத்தை அச்செடுத்து மேசைமேல் வைத்திருந்தார். அடியில் எண் நூற்று முப்பது சொச்சம், மங்கலாகத் தெரிந்தது. சில வரிகளுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்.

"இது யாரோடதும்மா?"

"எங்க அம்மாது சார்."

அவர் மிஸ்ஸைப் பார்த்து, "நீங்க வகுப்புக்குப் போங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார். மிஸ் போனதும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார்.

"சத்தமே வராதுன்னு போட்டிருக்கே. நிஜமாவா?"

"நிஜம்தான் சார்."

"பசங்க நடமாடற இடமா இருந்தா?"

"தனி அக்கறை எடுப்பாங்க சார்."

"பகல்லயே முடிச்சிடுவாங்களா?"

"எப்பச் சொன்னாலும் வருவாங்க சார். ஒரு மணி நேரம்தான் சார்."

"வெளிய யாருக்கும்..."

"எங்க சித்திக்கே முழுசாத் தெரியாது சார்."

பொய் சொல்லித் தப்பிக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாயைத் திறந்தால் உண்மையாகவே வந்தது. ஒவ்வொரு உண்மைக்கும் அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். வாக்குமூலம் வாங்குகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "உங்க அம்மா பெரிய கெட்டிக்காரங்கம்மா" என்றார். மாட்டிக்கொண்டவர்களிடம் முதலில் அப்படித்தான் நயமாகப் பேசுவார்கள். பிறகு ஒரு காகிதத்தில் எழுதி, மடித்து, உறையில் போட்டு ஒட்டி, "அம்மா கையில மட்டும் குடு. பிரிக்கக் கூடாது" என்றார்.

கழிப்பறையில் வைத்துப் பிரித்தேன். 'நாளை காலை ஒன்பது மணிக்குத் தவறாமல் நேரில் வரவும். விஷயத்தைக் கடிதத்தில் எழுத இயலாது. தனியாக வரவும். முன்வாசல் வழியாக வர வேண்டாம், பின்வாசல் வழியாக வரவும்' என்று இருக்கிறது. முன்வாசலில் நுழையக்கூட அம்மாவுக்குத் தகுதி இல்லையாம் சித்தி! அந்தக் கடிதம் இப்போது என் வலது காலுறைக்குள் இருக்கிறது. நடந்தால் சரசரக்கிறது, அதனால் சாயங்காலத்திலிருந்து நான் நடக்கவே இல்லை. அம்மா, "ஏண்டி ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கே?" என்று கேட்டாள். படிக்கிறேன் என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

எனக்குத் திட்டு விழும், பள்ளியை விட்டு நிறுத்துவார்கள், அது எல்லாம் எனக்குப் பரவாயில்லை. உண்மையிலேயே பரவாயில்லை. ஆனால் அந்தத் தாளை அவர் அம்மா கையில் கொடுப்பாரே! அறுபத்தொரு முறை என்று அதில் இருக்கிறதே! வந்தவர்கள் யாரும் வரவில்லை, வந்தது எல்லாம் தன் மகள்தான் என்று அம்மா படித்துவிட்டால், கிட்டார் பெட்டி திரும்ப அலமாரிக்கு மேலே ஏறிவிடும் சித்தி. இந்த முறை ஏறினால் இறங்காது. இரண்டு மாதக் கெடுவும் இந்த வாரத்தோடு முடிகிறது. திங்கட்கிழமை அம்மா அந்தப் புதுப் பையனுக்குக் கீழே வேலைக்குப் போவாள். அவனுக்கு மருந்து கலக்கவே தெரியாதாம்.

ஆகவே என் வேண்டுகோள். நீ எப்படியாவது உன் அலுவலகத்தில் சொல்லி ஒன்பது மணிக்குள் அம்மாவை வீட்டுப் பராமரிப்புப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். பெட்டி மாறினால் கணக்கும் மாறிவிடும். 'வீட்டுப் பராமரிப்பு – 61 முறை' என்றால் சமாளித்துக்கொள்வேன், பொறுப்பான பெண் என்றுகூட நினைப்பார்கள். அது முடியாவிட்டால், அம்மாவின் மூக்குக்கண்ணாடியை நான் எடுத்து வைத்திருக்கிறேன், இந்தக் கடிதத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு அம்மாவுக்குப் பதில் நீ வர வேண்டும். கண்ணாடி போட்டால் நீ அச்சு அசல் அம்மா மாதிரியே இருப்பாய், தூக்கக் கலக்கத்தில் இன்னும் கொஞ்சம் வயது கூடித் தெரியும். தலைமையாசிரியர் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு, "இனிமே யாரையும் முடிக்க மாட்டோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடு. பாடச் சொன்னால் பாடாதே.

தங்கள் கண்கள் என்றும் ஒளியோடு இருக்கட்டும். தங்கள் ஆறு நொடிகள் அறுபது நொடிகளாகப் பெருகட்டும். தங்களுக்கு விரைவில் பகல் பணி கிடைக்கட்டும். என்னை மறக்க வேண்டாம், தூங்கிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
கொசு
(இந்தப் பட்டப்பெயரை வைத்தது நீதான். தொழில் கட்டுப்பாட்டுக்கு விரோதம் என்று அம்மா இன்னமும் திட்டுகிறாள்.)

பி.கு.: சித்தி, மேலே எழுதியிருக்கிற எதையும் செய்யாதே. எதையுமே. கண்ணாடியையும் தொடாதே, அம்மா திரும்ப எடுத்துக்கொண்டாள்.

கடிதத்தைப் பாட்டிலுக்கு அடியில் வைக்க நொண்டிக்கொண்டே போனேன். கூடத்தில் விளக்குப் போட்டிருந்தது. கிட்டார் பெட்டி வாசல் பக்கம் தயாராக நின்றது. அம்மா தரையில் உட்கார்ந்து மருந்து டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "காலுறைக்குள்ள இருக்கறதைக் குடு. சாயங்காலத்துலேர்ந்து எனக்குச் சரசரன்னு கேக்குது. இந்த மாதிரி சத்தத்தைக் கேட்டுக் கண்டுபிடிக்கறதுதான் என் தொழிலே" என்றாள். கொடுத்தேன். கூடவே இந்தக் கடிதத்தையும் பிடுங்கிக்கொண்டாள். நின்றபடியே ஆரம்பித்து, பாதியில் உட்கார்ந்து, கடைசியில் வாயைப் பொத்திக்கொண்டு படித்தாள். அழுகிறாள் என்று நினைத்து நானும் அழுதேன். பார்த்தால் சிரிக்கிறாள்.

"இடைவேளை மணி அடிச்சா நம்பர் ஏறும். சாப்பாட்டு மணி அடிச்சா ஏறும். ஞாயித்துக்கிழமை ஒரு ஈ காக்கா வராது. எந்த நேரத்துல, எந்த வழியா வராங்கன்னு பார்த்துப் பார்த்தே பொழைக்கிறவடி நான். எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏம்மா ஒண்ணும் சொல்லலை?"

"ஒருத்தியாவது விடாம வர்றாளேன்னு விட்டுட்டேன்."

"ஆனா மீதி எழுபத்து மூணு பேர் நிஜம்மா!" என்றேன். அம்மா டப்பாவைத் துடைப்பதை நிறுத்தினாள். "அதுல எழுபத்திரண்டு நான்தான். எவ்வளவு ஏறியிருக்குன்னு பார்க்கத் திறந்தாலே ஒண்ணு ஏறுது. நம்பர் ஏறினா உன் முகத்துல ஒரு வெளிச்சம் வருதே, அதுக்காகச் சில நாள் இன்னொரு தடவை தட்டுவேன்" என்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு மாதமாக இந்த வீட்டில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் வாடிக்கையாளராக இருந்திருக்கிறோம்.

அப்படியானால் மீதி ஒருவர் யார் என்று கேட்டேன். "அவருதான் நம்ம முதல் நிஜமான ஆளு. சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் பண்ணாரு. யாருன்னு சொல்ல மாட்டேன், தொழில் தர்மம். ஏதோ ஒரு பட்டியல்ல வன்முறைன்னு பார்த்துப் பதறிப்போய்த் தன் போன்ல திறந்தாராம். முதல் வரியைப் படிச்சதுமே புரிஞ்சிடுச்சாம். ஏன்னா அவர் இடத்துச் சமையலறைல அவங்க குடும்பம் குடும்பமா இருக்காங்களாம். வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னு தவிச்சுக்கிட்டு இருந்திருக்காரு. வாசல்ல இருக்கிற காவலாளிகிட்ட புதுப் பாட்டு டீச்சர் வராங்கன்னு சொல்லி வைக்கறேன்னாரு" என்றாள். கிட்டார் பெட்டியை மூடிப் பூட்டிவிட்டு, "நாளைக்கு நீ சாப்பாடு வீட்டுலேர்ந்து கொண்டு போயிடு. ஏன்னு கேக்காதே. பின்வாசல் பக்கம் என்னைப் பார்த்தா தெரியாத மாதிரி போயிடணும்" என்றாள்.

"அந்த அறுபத்தொண்ணு தாள்மா?" என்று கேட்டேன். "அவர் அதைக் கிழிச்சுப் போட்டுட்டாராம். நம்ம ரகசியத்தை அவர் காப்பாத்தறாரு, அவர் ரகசியத்தை நாம காப்பாத்தறோம்." அதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே நீ!

எல்லாம் முடிந்தது என்று இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அம்மாதான் தடுத்தாள். "அதை அவ படிக்கணும். எந்தப் பெட்டியிலயும் இல்லாம ஏழு வாரம் கிடந்தப்ப ஒருத்தர் வரலை. வன்முறைல போட்டு ஒரு வாரத்துக்குள்ள ஆள் வந்தாச்சு. இன்னும் எத்தனை பள்ளிக்கூடத்துச் சமையலறை இருக்கு! காலைல நாலு பன்னிரண்டுக்குப் போட்டவ கைக்குத் தங்க வளையல்தான் போடணும். பெட்டியை மாத்திடாதேன்னு எழுது. முடிஞ்சா பயங்கரவாதத்துலயும் ஒண்ணு சேர்த்துவிடச் சொல்லு" என்றாள்.

எழுதிவிட்டேன். அப்பாவின் குறட்டை நின்று வெகுநேரம் ஆகிறது. இப்போது யாருக்கும் பயமில்லை. தண்ணீர் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கு சித்தி.

இப்படிக்கு,
அந்த அறுபத்தொரு பேர்.